பாட்டும் படமும்: யாழ்ப்பாணத்தில் இசைக்காட்சி வளர்ந்த வரலாறு – ஒரு நோக்கு

கலைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலைஞரின் பெயரையும் படைப்பின் பெயரையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுவர். ஒரு கலை எக்கருவியால் ஆக்கப்பட்டது, அக்கருவி எவர் வசம் இருந்தது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. அச்சைப் பொறுத்தவரை இவ்வினாவை நம்மவர் ஓரளவு எழுப்பியுள்ளனர். 1849 ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய செய்தி நமது இலக்கிய வரலாற்றின் பிரிக்கவொண்ணாப் பகுதியாகிவிட்டது. பாட்டோடு படத்தைச் சேர்த்த கருவிகளின் வரலாற்றுக்கோ அத்தகைய கவனிப்பு இன்னும் கிட்டவில்லை.

இக்கட்டுரையில் 'இசைக்காட்சி' என்னுஞ் சொல், ஒரு பாட்டின் கால அளவுக்குள் அமைந்து, அப்பாட்டைக் காட்டுவதற்கென்றே ஆக்கப்படும் அசையும் படத்தைக் குறிக்கும். இன்று மியூசிக் வீடியோ என வழங்குவது இதுவே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது வளர்ந்த முறையை நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. குடாநாடு தனக்குரிய மெல்லிசைக் குரலை 1970 களிலேயே பெற்றுவிட்டது. அக்குரலுக்குரிய படத்தைத் தன் கையால் ஆக்கும் வாய்ப்பை அது பரவலாகப் பெற்றது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரேயாம். இடைப்பட்ட காலத்தில் நம் கண்முன் பாட்டைக் காட்டியோர் வேறு வேறு நோக்குடைய பிறராவர். இந்த இடைவெளி ஏன் ஏற்பட்டது, அதனால் நாம் இழந்தவை யாவை என்பவற்றை ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

1. கண்ணுக்குரிய பாட்டு

பாட்டைப் பார்ப்பது தமிழர்க்குப் புதியதொரு பழக்கமன்று. நாட்டுக்கூத்திலும் இசைநாடகத்திலும் பாட்டு என்றும் ஒரு உடலோடும் ஒப்பனையோடும் வந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த வி. வி. வைரமுத்து மயானகாண்டத்து அரிச்சந்திரனாக மேடையேறியபோது, குடாநாட்டு மக்கள் பாட்டைக் கேட்டார்களா பார்த்தார்களா என்று பிரித்துக் கூறல் இயலாது. பாடும் வாயும் நடிக்கும் மெய்யும் ஒருவருடையனவாகவே இருந்தன.

இவ்வொருமையைப் பிரித்தது திரைப்படமாகும். 1931 இல் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழ்ப்படத்தைப் பேசவும் பாடவும் செய்தது. தொடக்க காலத்தில் நடிகரே பாடினர். ஆதலாற் பாட வல்லோரே நடிகராயினர். 1938 இல் வெளிவந்த 'நந்தகுமார்' படத்திற் பின்னணிக் குரல் கையாளப்பட்டதும் நிலைமை மாறத் தொடங்கிற்று. பாட்டு முதலில் ஒலிப்பதிவு செய்யப்படும். பின்னர் படப்பிடிப்புத் தளத்தில் அது ஒலிபெருக்கியில் முழங்க, நடிகர் வாயசைப்பார். குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது. படப்பிடிப்பு முறையை மட்டும் நோக்கின், பிற்கால இசைக்காட்சியின் அடிப்படை இங்கேயே அமைந்துவிட்டது எனலாம். மேனாட்டார் 1940 களிற் காசு போட்டுப் பார்க்கும் பெட்டிகளில் 'சவுண்டீஸ்' என்ற குறும்படங்களையும், 1960 இல் பிரான்சிலே 'ஸ்கோப்பிற்றோன்' என்ற பெட்டியையும் புதுமையாக அறிமுகப்படுத்தினர். பாட்டு வேளையிற் கதை நின்று, ஆடையும் இடமும் அடிக்கு அடி மாறும் காட்சிகளைத் தமிழ்ப் பார்வையாளர் தம் திரைகளில் ஏலவே கண்டு பழகியிருந்தனர்.

யாழ்ப்பாண நகரில் வின்சர், வெலிங்டன், றீகல், ராணி, மனோகரா முதலிய படமாளிகைகள் இவ்வனுபவத்தை வழங்கின. ஆயின் அங்கு காட்டப்பட்ட பாட்டும் படமும் சென்னையிலிருந்து பெட்டியில் வந்தவை. பாட்டிலே வரும் ஆற்றங்கரையும் மலைச்சாரலும் குடாநாட்டாருக்கு வாழ்விற் காணாத காட்சிகள். ஆறில்லாத, மலையில்லாத ஒரு நிலத்து மக்கள், காதலும் களிப்பும் நிகழும் இடம் வேறெங்கோ உள்ளது என்னும் உணர்வைத் திரைப்பாட்டின் வாயிலாகப் பெற்றனர். பனையும் கிணறும் தரவையும் பாட்டுக்குரிய காட்சிகளாகக் கருதப்படவேயில்லை.

2. காதுக்கு மட்டும் உரிய பாட்டு

படமாளிகைக்குச் செல்லக் காசும் நேரமும் வேண்டும். நாள்தோறும் பாட்டுக் கேட்க வானொலி போதுமானது. 1925 இற் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இலங்கை வானொலி என்னும் பெயரிற் புகழ்பெற்று, 1967 இற் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ் வர்த்தக சேவை கடல் கடந்து தமிழ்நாட்டிலும் கேட்கப்பட்டது. கே. எஸ். ராஜா 'திரைவிருந்து' நிகழ்ச்சியிற் புதிய படங்களை அறிமுகஞ் செய்தபோது, வசனத் துண்டுகளும் பாட்டுத் துண்டுகளும் அவரது விரைந்த குரலோடு கலந்து ஒரு படத்தையே காதுக்குக் காட்டின. திரையிற் பிணைந்திருந்த பாட்டும் படமும் வானொலியில் மீளவும் பிரிந்தன. படத்தை ஆக்கும் பொறுப்பு கேட்போர் மனத்திடம் வந்து சேர்ந்தது.

ஈழத்துப் பாட்டு தன் குரலைக் கண்டதும் இக்காலத்திலேயே. சிங்கள பைலாவின் தாளமும் மேலைத்தேயக் கிற்றாரின் ஒலியும் யாழ்ப்பாணப் பேச்சுவழக்கும் ஒன்றுசேரப் பிறந்தவை பொப் பாடல்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இவற்றுள் முதன்மையானது. ஏ. ஈ. மனோகரன், எஸ். ராமச்சந்திரன், ஸ்ரான்லி சிவானந்தன் முதலியோர் இவ்வகைப் பாட்டை மேடைதோறும் கொண்டுசென்றனர். மாமி, மச்சாள், கள்ளுக்கடை என அயலிலே கண்டவற்றையும் கேட்டவற்றையும் இவை பாடின. சென்னைத் திரைப்பாடல் கூறாத எதனையோ இவை கூறின என்பதனாலேயே இளைஞர் இவற்றை விரும்பினர்.

எனினும் இப்பாடல்களுக்கு அக்காலத்திற் படம் வாய்க்கவில்லை. இசைத்தட்டும் வானொலியும் அவற்றின் ஒலியைக் காத்தன. பாடியவர் எவ்வாறு நின்றார், கேட்டோர் எவ்வாறு ஆடினர் என்பதற்கு நேரிற் கண்டோரின் நினைவே பெரும்பாலும் சான்றாக உள்ளது. 'சுராங்கனி' இதற்கு நல்ல உதாரணமாகும். இலங்கையின் பைலா மரபில் எழுந்து, மனோகரனின் குரலால் தமிழரிடையே பரவிய அப்பாட்டு, 1977 இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் இடம்பெற்றது. நம் கரையிலிருந்து சென்ற பாட்டுக்குச் சென்னைத் திரையுலகமே படம் கொடுத்தது.

உள்ளூரிலே படக்கருவி அறவே இல்லாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1962 இல் 16 மில்லிமீற்றர் படமாக வெளிவந்த 'சமுதாயம்' தொடக்கம் இலங்கைத் தமிழ்த் திரைப்படம் வளர முயன்றது. 1972 இல் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' குடாநாட்டு வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. ஈழத்து இரத்தினத்தின் பாடல்களுக்கு ஆர். முத்துசாமி இசையமைத்தார். 1977 இல் தர்மசேன பத்திராஜாவின் 'பொன்மணி'யும், அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று'ம் வெளிவந்தன. மனோகரன் 'வாடைக்காற்றி'ல் நடித்துமுள்ளார். பனங்காடும் கடற்கரையும் பாட்டோடு சேர்ந்து திரையேறிய அரிய தருணங்கள் இவை. ஆயினும் படச்சுருள் விலையுயர்ந்தது, கலையகமும் படச்சுருளைக் கழுவும் கூடமும் தெற்கிலே இருந்தன, சந்தையோ சிறிது. ஒரு முழுப்படம் எடுத்தாலன்றி ஒரு பாட்டைப் படமாக்க வழியில்லாத நிலையில், சிறு முதலுடைய இளைஞர் குழுவொன்று தன் பாட்டைப் படமாக்குதல் எண்ணவும் இயலாத காரியமாயிற்று. குரல் இருந்தும் படம் இல்லாமற்போனமைக்குத் திறமைக் குறைவு காரணமன்று. கருவியின் விலையே காரணம்.

3. அன்ரெனாவும் டெக்கும்

உலகளவில் இசைக்காட்சி தனிக் கலையாக உருப்பெற்றது இக்காலத்திலேயாம். 1975 இல் குயீன் குழுவினரின் 'போகீமியன் ரப்சடி' பாட்டுக்கு எடுக்கப்பட்ட வீடியோ, பாடகர் நேரில் வராமலே தொலைக்காட்சியிற் பாட வழிசெய்தது. 1981 ஓகஸ்ற் முதலாந் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. தொடங்கிற்று. 1983 இல் மைக்கல் ஜக்சனின் 'திரில்லர்' ஏறத்தாழப் பதினான்கு நிமிடக் குறும்படமாகவே அமைந்தது.

குடாநாட்டுக்கு எம்.ரி.வி. அன்று எட்டவில்லை, எட்டியது வேறொன்று. 1975 ஓகஸ்ற் 15 இற் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. இலங்கையில் 1979 இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. யாழ்ப்பாணத்து வசதிபடைத்த வீடுகளின் மேலே உயர்ந்த அன்ரெனாக்கள் வடக்கு நோக்கித் திரும்பின. காலநிலை வாய்த்த மாலைகளிற் பாக்குநீரிணையைக் கடந்து சென்னையின் அலை தெளிவாக வரும். வாய்க்காத நாளில் திரையிற் புள்ளிகளே நடனமாடும். வெள்ளிக்கிழமை மாலையில் ஒளிபரப்பான 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்காக அயலவர் ஒரு வீட்டு விறாந்தையிற் கூடினர். கதையினின்றும் கழற்றப்பட்ட திரைப்பாட்டு, தனித்து நின்றே சுவைக்கப்படலாம் என்பதை அந்நிகழ்ச்சி நிறுவிற்று. எம்.ரி.வி. புதிதாக ஆக்கிய கலைவடிவத்தைச் சென்னைத் தொலைக்காட்சி பழைய படங்களைக் கத்தரித்தே வழங்கியது.

ரூபவாஹினியிலே தமிழ் நிகழ்ச்சிகளுக்குக் கிடைத்த நேரம் சிறிது. கலையகத்துத் திரைச்சீலைக்கு முன்னே பாடகர் நின்று பாட, கமரா முகத்துக்கும் வாத்தியத்துக்கும் மாறி மாறிச் செல்வதே பெரும்பாலும் முறையாக இருந்தது. பாட்டு பதிவாயிற்று, பாட்டு பிறந்த ஊர் பதிவாகவில்லை.

இக்காலத்துப் பெருமாற்றம் வீடியோ டெக்கினால் விளைந்தது. 1976 இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். நாடா, சில ஆண்டுகளுள் வெளிநாட்டு உழைப்பின் வழியே குடாநாட்டை வந்தடைந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடியவிடியப் படம் போடுதல் ஊர்வழக்கமாயிற்று. கமராவும் உடன் வந்தது. இசைக்காட்சி வரலாற்றில் எவரும் இதுவரை கருத்திற் கொள்ளாத ஒரு வகை அப்போது பிறந்தது. அதுவே கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோவாகும்.

இவ்வகையை அற்பமானதென்று ஒதுக்குதல் பொருந்தாது. மணமகள் படியிறங்கும் காட்சிக்கு ஒரு திரைப்பாட்டும், தாலிகட்டிய பின் மணமக்கள் பூந்தோட்டத்தில் உலவும் காட்சிக்கு மற்றொன்றும் இணைக்கப்பட்டன. சென்னையில் நடிகருக்கென ஆக்கப்பட்ட பாட்டுக்கு உரும்பிராய்ப் பெண்ணொருத்தியின் முகம் படமாயிற்று. பாட்டு இரவலாயினும், முகமும் முற்றமும் சொந்தம். கமரா முதன்முதலாகச் சாதாரண குடும்பத்தின் அழைப்பில், அக்குடும்பத்தின் விருப்பப்படி இயங்கியது. இசைக்காட்சியை ஆக்கும் ஆற்றல் உள்ளூர்க் கைகளுக்கு வந்தது இவ்வாறே. படத்தொகுப்பு அக்காலத்தில் ஒரு டெக்கிலிருந்து மற்றொரு டெக்குக்குப் பிரதி செய்யும் முறையால் நடந்தது. பிரதிக்குப் பிரதி நிறம் மங்கும். அம்மங்கலினூடே கைத்தேர்ச்சி பெற்ற ஒரு தலைமுறை உருவாயிற்று.

4. இருளும் போரும்

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டது. தேசிய மின்வலையோடு குடாநாட்டுக்கிருந்த தொடர்பு அறுந்தது. ரூபவாஹினியின் அலையை வடக்குக்கு அஞ்சல் செய்த கொக்காவில் நிலையமும் அவ்வாண்டுப் போரில் அழிந்தது; அவ்விடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் எழுந்தது 2011 இலேயாம். பொருளாதாரத் தடையினாற் பற்றரியும் எரிபொருளும் கிடைத்தற்கரியனவாயின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்ட காலம் அது. உலகில் எம்.ரி.வி. ஆசியாவை வந்தடைந்ததும் (1991), சன் தொலைக்காட்சி தொடங்கியதும் (1993) இவ்வாண்டுகளிலேயே. தமிழுலகின் பிற பகுதிகள் நாள்முழுதும் பாட்டைப் பார்க்கத் தொடங்கிய அதே வேளையிற் குடாநாடு மீளவும் காதுக்குத் திரும்பியது.

இக்காலத்திற் பாட்டுக்குப் படம் ஆக்கும் வசதி பெரிதும் விடுதலைப் புலிகள் இயக்கத்திடமே இருந்தது. அதன் 'நிதர்சனம்' பிரிவு 1980 களின் நடுப்பகுதியிலிருந்து படப்பிடிப்பில் ஈடுபட்டது. 1990 களில் 'ஒளிவீச்சு' என்னும் வீடியோச் சஞ்சிகையை வெளியிட்டது. ஒலிநாடாக்களிற் பரவிய எழுச்சிப் பாடல்களுக்கு அங்கே காட்சிகள் அமைக்கப்பட்டன. புதுவை இரத்தினதுரை போன்றோர் எழுத, எஸ். ஜி. சாந்தன் போன்றோர் பாடிய இப்பாடல்கள், இசைநாடக மரபிலும் கோயிற்பாட்டு மரபிலும் ஊறிய குரல்களைக் கொண்டிருந்தன.

இவற்றை மதிப்பிடுவதில் இரு தவறுகள் நேரக்கூடும். பிரசாரம் என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவது ஒன்று; போற்றுதலுக்கப்பால் எதுவுங் கூறாதிருப்பது மற்றொன்று. உள்ளூரிற் பிறந்த பாட்டும் உள்ளூர் நிலமும் உள்ளூர் முகங்களும் தொடர்ச்சியாக ஒரே சட்டகத்துள் வந்தது இக்காட்சிகளிலேயே என்பது வரலாற்று உண்மை. இளையோரைப் போருக்கு அழைப்பதும் இறந்தோரைப் போற்றுவதுமே அக்காட்சிகளின் நோக்கம் என்பதும் அதேயளவு உண்மை. அங்கே பனைமரம் வெறும் பனைமரமாக நிற்க இயலவில்லை; அது அரணாகவோ சாட்சியாகவோதான் நின்றது. மாமியையும் மச்சாளையும் பாடிய பழைய நகைச்சுவைக்கு அங்கே இடமிருக்கவில்லை. போரின் இறுதியாண்டுகளிற் தென்னிலங்கைத் தொலைக்காட்சிகளிலும் படையினரைப் போற்றும் பாடற்காட்சிகள் இடையறாது ஒளிபரப்பாயின. இரு புறத்தும் கமரா ஒரே வகைப் பணியையே செய்தது. எதிர்முகத்தில் நின்ற மனிதரின் துயர் இரு புறத்துக் காட்சிகளிலும் இடம்பெறவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பெயர்ந்தபோது வீடுகளில் விடுபட்ட பொருள்களுள் வீடியோ நாடாக்களும் அடங்கும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றை நாம் பட்டியலிட முயல்கின்றோம். இந்நாடாக்களுக்குப் பட்டியலே இருந்ததில்லை.

5. பாதை திறந்த பின்

புலம்பெயர்ந்தோரின் பங்கு இங்கு நோக்கற்பாலது. 1975 இல் இலண்டனிற் பிறந்து, சிறுபராயத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1980 களின் நடுப்பகுதியில் மீண்டும் இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றார். மொரோக்கோவிற் படமாக்கப்பட்ட அவரது 'பாட் கேர்ள்ஸ்' 2012 இல் எம்.ரி.வி. யின் சிறந்த இயக்கத்துக்கும் சிறந்த ஒளிப்பதிவுக்குமான விருதுகளைப் பெற்றது. இசைக்காட்சிக் கலையின் உச்ச மேடைக்கு நம்மொடு தொடர்புடைய ஒருவர் சென்றுவிட்டார். அவர் வளர்ந்த ஊர் அக்கலையை ஆக்கும் நிலையை அப்போதுதான் அடைந்துகொண்டிருந்தது.

2002 இன் போர்நிறுத்தத்தோடு ஏ-9 பாதை திறந்தது. வி.சி.டி. தட்டுகளும் கேபிள் இணைப்புகளும் வந்தன. கொழும்பிலே 1998 இல் தொடங்கிய சக்தி தொலைக்காட்சி உள்ளூர்ப் பாடகருக்கு மேடையமைத்தது. கிரிஷான் மகேசன் போன்றோர் தமிழ்ச் சொல்லிசையைக் காட்சியோடு வழங்கினர். 2006 இற் பாதை மூடியது. 2009 இற் பேரிழப்புகளோடு போர் முடிந்தது. அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 2005 இல் தோன்றிய யூரியூப் ஒளிபரப்பு நிலையத்தின் அனுமதியைத் தேவையற்றதாக்கியது. 2008 அளவில் நிழற்படக் கமராவே உயர்தர வீடியோவும் எடுக்க வல்லதாயிற்று. கலியாண வீட்டிற் கைதேர்ந்த கலையகங்கள் பாட்டின் பக்கம் திரும்பின. வரிகள் ரொறன்ரோவில், இசை யாழ்ப்பாணத்தில், ஒலிக்கலவை வேறொரு நகரில் என ஒரு பாட்டு மூன்று கண்டங்களில் ஆக்கப்படுவதை இன்று காணலாம்.

படச்சுருளின் விலையால் 1972 இல் தடைப்பட்டது இன்று கைத்தொலைபேசியால் தடைநீங்கியுள்ளது. ஆயின் கருவி கைக்கு வந்ததும் பார்வையும் உடன் வந்துவிடும் என எண்ணுதல் கூடாது. இன்றைய குடாநாட்டு இசைக்காட்சிகள் பலவற்றில் ட்ரோன் கமரா கோட்டையின் மேலாகவும், தீவுப்பகுதிப் பாலத்தின் மேலாகவும் பறந்து செல்கின்றது. நிலம் அழகாகத் தெரிகின்றது. நிலத்தில் வாழ்வோர் தெரிவதில்லை. நாயகன் மெதுவாக நடந்து வருவதும் நாயகி திரும்பிப் பார்ப்பதும் சென்னையின் சட்டகங்களே. வெளியூரார் வந்து பார்க்கும் கண்ணால் நம் ஊரை நாமே பார்க்கும் விந்தை இதுவாகும்.

மாற்றுக்கு வழியுண்டு என்பதை 2021 இல் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' காட்டிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட தன் பாட்டியின் வாழ்வை அறிவு அப்பாட்டின் ஊற்றாகக் கொண்டார். இலங்கைத் தமிழ் வழிவந்த தீ உடன் பாடினார். நிலமற்றோரின் வரலாறு ஒன்று ஆட்டமும் கொண்டாட்டமுமாகக் காட்சியாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது. இலங்கையின் வரலாற்றிலிருந்து எழுந்த இப்பொருள் தமிழ்நாட்டிற் படமாகியது என்பதும் நம் சிந்தனைக்குரியது.

6. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால், யாழ்ப்பாணத்து இசைக்காட்சியின் வரலாறு கருவி கைமாறிய வரலாறாகவே அமைந்துள்ளமை புலப்படும். படமாளிகைக் காலத்திற் கருவி சென்னையிடம் இருந்தது. தொலைக்காட்சிக் காலத்தில் அரசுகளிடமும், போர்க்காலத்தில் ஆயுதம் தாங்கியோரிடமும் இருந்தது. கலியாண வீட்டு வீடியோ ஒன்றே இடையிற் குடும்பங்களிடம் இருந்தது. இன்று அது இளைஞரிடம் உள்ளது.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகளோ நாள்தோறும் அழிகின்றன. காந்த நாடாவின் பூச்சு நம் ஈரக்காற்றிற் சிதைந்து பூஞ்சணம் பிடிக்கின்றது. வி.எச்.எஸ். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடா இருந்தும் அதை ஓட்டும் கருவி இல்லாத நாள் தொலைவில் இல்லை. இன்றைய காட்சிகளோ அயல்நாட்டு நிறுவனங்களின் சேமிப்பகங்களில், அவற்றின் விருப்பம் உள்ளவரை இருப்பவை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் நம் அச்சேடுகளை எண்மப்படுத்திக் காத்துவருகின்றது. ஒலிக்கும் ஒளிக்கும் அத்தகைய உழைப்பு பெருமளவில் வேண்டும். அதற்குப் பெருநிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு விடுமுறையிலும் நம் மாணவர் தத்தம் ஊரிற் பழைய வீடியோக் கலையகங்களையும், பொப் மேடை ஏறிய முதியோரையும், அலுமாரிகளில் உறங்கும் கலியாண நாடாக்களையும் தேடிப் பதிவு செய்வாராயின், இன்னும் பத்தாண்டில் இத்துறையில் ஆய்வு செய்ய வருவோர் வெறுங்கையோடு நிற்கமாட்டார்.

நித்தி கனகரத்தினம் பாடிய காலத்து யாழ்ப்பாணத்தின் குரல் நமக்குக் கேட்கின்றது, முகம் தெரியவில்லை. நம் காலத்து முகமேனும் பின்வருவோர்க்குத் தெரியவேண்டும்.